எதிர்நீச்சல் போடும் ஏடுகள்

சித்திரா பௌர்ணமி அன்று எங்கள் பக்கம் சித்திரபுத்திர நயினார் கதை வாசிப்பது உண்டு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், சித்திரகுப்தனைத்தான் நெல்லைச் சீமையில் இப்படி மரியாதையாகக் கூப்பிடுவோம். எமதர்மனின் கணக்குப்பிள்ளை, ஒரு கையில் ஏடு, மறு கையில் எழுத்தாணி. கோயிலிலோ யாராவது ஒருவர் வீட்டுத் தார்சாவிலோ உட்கார்ந்து ஒருவர் ராகம் போட்டு வாசிப்பார், நோன்பு இருக்கிறவர்களும் சும்மா வந்தவர்களும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். இந்தத் தடவை எனக்குப் பக்கத்தில் இருந்த பையன், பக்கத்து வீட்டுக்காரன்தான், காதோடு கேட்டான்: "மாமா, சாமிக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும்லா, பின்ன எதுக்கு எழுதி வைக்காரு?"

பெரிய கேள்வி. "கதையைக் கேளுல" என்று அப்போதைக்குச் சமாளித்துவிட்டேன். ஆனால் அது மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. எழுத்து எப்படி வந்தது என்று எந்தெந்த நாட்டில் என்னென்ன கதை சொல்கிறார்கள் என்று கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன், படிக்கப் படிக்க நம் ஊர்க் கதைகளில் ஒரு விசித்திரம் தட்டுப்பட்டது, அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

முதலில் சுமேரியா, இன்றைய ஈராக்கின் தெற்குப் பகுதி. அங்கே எழுத்துக்குத் தெய்வம் நிசபா என்ற பெண் தெய்வம். அவள் முதலில் தானியத்துக்குத் தெய்வம், எழுத்து அப்புறம் வந்து சேர்ந்த இலாகா. நாம் எழுத ஆரம்பிக்கும்போது பிள்ளையார் சுழி போடுகிறோம், அங்கே எழுதி முடித்ததும் நிசபாவுக்குப் புகழ் என்று கடைசி வரியில் போடும் வழக்கம் இருந்திருக்கிறது. தானியத்துக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்கவே வேண்டாம். ஊருக் நகரத்தில் கிடைத்த, கி.மு. 3300 வாக்கில் எழுதப்பட்ட களிமண் பலகைகளைப் படித்தால் பெரும்பாலும் இவ்வளவு வாற்கோதுமை வந்தது, இவ்வளவு பீர் போனது, இத்தனை ஆடு, வேலையாளுக்கு இவ்வளவு படி என்றுதான் இருக்கிறது. கவிதை, காவியம் எல்லாம் வந்து சேரப் பல நூறு வருடம் பிடித்தது. அதாவது உலகத்தில் நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய எழுத்து ஒரு கணக்குப்பிள்ளையின் எழுத்து. நம் நயினாரைப் பற்றி அங்கே தெரியாது, ஆனால் தெரிந்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார்கள்.

அதே சுமேரியர்களிடம் வேறு கதைகளும் இருந்தன. ஊருக் நகரத்து அரசன் என்மெர்கார், மலைக்கு அப்பால் இருக்கிற அரட்டா தேசத்து அரசனோடு வீம்புக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறான். தூதுவன் பாவம், ஏழு மலை ஏறி இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறான், திரும்பப் போகிறான். ஒரு கட்டத்தில் செய்தி நீண்டுபோய் அவனால் திருப்பிச் சொல்ல முடியவில்லை, வாய் கனத்துவிட்டது என்கிறது கதை. என்மெர்கார் கொஞ்சம் களிமண்ணை எடுத்துத் தட்டி, சொல்லை அதன்மேல் பதித்துக் கொடுத்துவிட்டான். அதை வாங்கிப் பார்த்த அரட்டா அரசனுக்கு ஆணி ஆணியாக ஏதோ தெரிந்ததே தவிர ஒன்றும் விளங்காமல் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு இந்தக் கதைதான் ரொம்பப் பிடித்தது. சாமி இல்லை, வரம் இல்லை, தூதுவனுக்கு வாய் வலித்ததால் வந்த எழுத்து.

இன்னொரு கதையில் எழுத்து திருட்டுச் சொத்து. இனான்னா என்ற தேவி எரிடு நகரத்துக்குப் போய், அங்கே இருக்கிற என்கி என்ற தெய்வத்தோடு உட்கார்ந்து குடிக்கிறாள். போதையில் என்கி நாகரிகத்துக்கு உரிய சக்திகளை ஒவ்வொன்றாக எடுத்து அவளுக்குக் கொடுத்துவிடுகிறான். அரசாட்சி, தச்சுவேலை, கொல்லுவேலை, எழுத்தர் தொழில், அதோடு சேர்த்து வஞ்சகம், ஒப்பாரி வரைக்கும். போதை தெளிந்து தேடுவதற்குள் அவள் எல்லாவற்றையும் படகில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோய்விட்டாள். எழுத்தையும் வஞ்சகத்தையும் ஒரே படகில் ஏற்றினவர்கள் விவரமானவர்கள். பத்திரப்பதிவு அலுவலகம் பக்கம் ஒரு நாள் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும்.

எகிப்துக்கு வந்தால் தோத். மனித உடம்பு, அரிவாள் மூக்கன் பறவையின் தலை. நம் கூந்தன்குளத்துப் பக்கம் வயலில் வளைந்த மூக்கை வைத்துச் சேற்றைக் குத்திக்கொண்டு நிற்கிறதே, அந்தச் சாதிப் பறவைதான். செத்தவனுடைய இதயத்தை ஒரு தட்டிலும் ஒரு இறகை மறு தட்டிலும் வைத்து நிறுப்பார்கள், தோத் பக்கத்தில் நின்று எழுதிக்கொள்வார். எமலோகம், கணக்கு, எழுத்தாணி, எல்லாம் நமக்குப் பழகின காட்சி. யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம், கணக்கு எழுதுகிற சமுதாயம் எங்கே இருந்தாலும் செத்த பிறகும் கணக்கு இருக்கும் என்றுதான் நினைக்கும்.

இந்தத் தோத்தை வைத்துக் கிரேக்கத்தில் பிளேட்டோ ஒரு கதை சொல்கிறார். எழுத்தைக் கண்டுபிடித்த தெய்வம் அதை எகிப்து அரசன் தாமுஸிடம் கொண்டுபோய், இது உன் மக்களுக்கு அறிவையும் ஞாபகத்தையும் கூட்டும் என்கிறது. அரசன் மறுக்கிறான். இல்லை, இது மறதியைத்தான் கொடுக்கும், வெளியே கிடக்கிற கோடுகளை நம்பி உள்ளே இருக்கிற ஞாபகத்தைப் பழக்காமல் விட்டுவிடுவார்கள், படித்த மாதிரித் தெரிவார்கள், ஆனால் ஒன்றும் தெரிந்திருக்காது என்கிறான். எங்கள் தாத்தா கால்குலேட்டரைப் பற்றிச் சொன்னதும், நான் இப்போது போனைப் பற்றி வீட்டில் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான். இதைச் சொல்வது சாக்ரடீஸ், அவர் ஒரு வரி எழுதினவர் இல்லை. பிளேட்டோ எழுதி வைத்ததால்தான் எழுத்தைத் திட்டின அந்தப் பேச்சு நமக்கு வந்து சேர்ந்தது.

சீனாவில் எழுத்தைக் கண்டுபிடித்தவர் என்று சொல்கிற பெயர் சாங் ஜியே. மஞ்சள் பேரரசரின் வரலாற்று எழுத்தர், நாலு கண் உடையவர். பறவைகளும் மிருகங்களும் விட்டுப்போன காலடித் தடங்களைப் பார்த்து, ஒரு தடத்தைப் பார்த்தாலே இது இன்ன மிருகம் என்று தெரிகிறதே என்று யோசித்து எழுத்தை உருவாக்கினார் என்பார்கள். அவர் அப்படிச் செய்த அன்று வானத்திலிருந்து தானியம் மழையாகக் கொட்டியதாம், ராத்திரி பேய்கள் அழுதனவாம். ஈராயிரம் வருடத்துக்கு முந்திய ஹுவாய்நான்சி என்ற நூலில் இது வருகிறது. நான் இதை வாழ்த்து என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன், பூமாரி பொழிந்தது என்று நம் புராணத்தில் வருமே, அந்த மாதிரி. உரைகாரர்கள் சொல்கிற விளக்கம் வேறு. எழுத்து வந்துவிட்டால் மக்கள் கலப்பையை விட்டுவிட்டு எழுத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், பட்டினி வரும், அது தெரிந்துதான் வானம் முன்கூட்டியே தானியத்தைக் கொட்டியது. பேய்கள் அழுதது, தங்கள் பேரில் இனி எழுதிப் புகார் வைப்பார்களே என்ற பயத்தில். மனுப் போடுகிற வழக்கம் பேயைக்கூட அழ வைத்திருக்கிறது.

மற்ற சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வடக்கு ஐரோப்பாவில் ஓடின் என்ற கடவுள் தன்னைத்தானே ஈட்டியால் குத்திக்கொண்டு, சோறு தண்ணீர் இல்லாமல் ஒன்பது ராத்திரி மரத்தில் தொங்கி ரூன் எழுத்துகளைப் பெற்றார். கிரேக்கர்கள், பினீசியாவிலிருந்து காட்மஸ் கொண்டுவந்தான் என்றார்கள், ஆள் கற்பனையோ என்னவோ, கிரேக்க எழுத்து பினீசிய எழுத்திலிருந்து வந்தது உண்மை. யார் செய்தார்கள் என்று நன்றாகவே தெரிந்த எழுத்தும் உண்டு, கொரியாவின் ஹங்குல் 1443இல் சேஜோங் மன்னர் உருவாக்கி 1446இல் வெளியிட்டது. அமெரிக்காவில் செரோக்கி இனத்தைச் சேர்ந்த செக்வோயா, ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர், வெள்ளைக்காரர்கள் தாளைப் பார்த்துப் பேசுவதைக் கவனித்துத் தன் மொழிக்கு 1821இல் அசை எழுத்து முறையை முடித்தார். சொந்தச் சனமே அதைச் சூனியம் என்று சந்தேகப்பட்டது, தன் சின்ன மகளை வாசிக்க வைத்துக் காட்டித்தான் நம்ப வைத்தார்.

இதையெல்லாம் விட என்னைப் பிடித்து நிறுத்தினது எழுத்து தொலைந்த கதைகள். மேகாலயாவில் காசி மக்களிடம் ஒரு கதை இருக்கிறது. கடவுளிடம் எழுத்தை வாங்கிக்கொண்டு ஒரு காசிக்காரரும் ஒரு வெளியூர்க்காரரும் திரும்பி வருகிறார்கள், வழியில் ஆற்றில் வெள்ளம். வெளியூர்க்காரர் தன் ஏட்டைத் தலைமுடியில் கட்டிக்கொண்டு நீந்திவிட்டார். காசிக்காரர் வாயில் கவ்விக்கொண்டு நீந்தினார், பாதி ஆற்றில் தண்ணீர் குடிக்கும்போது ஏட்டையும் விழுங்கிவிட்டார். அதனால்தான் அவர்களுக்கு எழுத்து இல்லாமல் போனதாம், பாட்டும் கதையும் வாய்க்குள்ளேயே தங்கிவிட்டதாம். 1841இல் வந்த தாமஸ் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் பாதிரியார் ரோமன் எழுத்தில் காசி மொழியை எழுத வழிசெய்தார். மிசோரத்தில் கேட்டால், எங்கள் எழுத்து தோலில் இருந்தது, நாய் தூக்கிக்கொண்டு போய்த் தின்றுவிட்டது என்பார்கள். தாய்லாந்து, மியான்மர் மலைகளில் இருக்கிற அகா மக்கள், நாங்களேதான் தின்றோம் என்கிறார்கள். எருமைத் தோலில் எழுதியிருந்ததைப் பஞ்சத்தில் பசி தாங்காமல் தின்றுவிட்டார்கள், வயிற்றுக்குள் போனதால்தான் எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்கிறார்களாம். எழுத்து இல்லை என்ற குறையைச் சொல்ல வந்த கதை எப்படி முறுக்கோடு முடிகிறது பாருங்கள்.

சரி, நம் கதைக்கு வருவோம். எங்களுக்குப் பொதிகை இருக்கிறது, பொதிகையில் அகத்தியர் இருக்கிறார். கயிலாயத்தில் கல்யாணக் கூட்டம் கூடி வடக்குத் தாழ, சிவன் அவரைத் தெற்கே அனுப்பிவைத்தது, அவருடைய கமண்டலத்திலிருந்து தாமிரபரணி வந்தது, எல்லாம் பாபநாசத்தில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். தமிழை அவருக்குச் சிவன் சொல்லிக்கொடுத்ததாகச் சைவர்கள் சொல்வார்கள். 11ஆம் நூற்றாண்டு இலக்கணம் வீரசோழியமோ பௌத்த நூல், அது அவலோகிதர் என்ற போதிசத்துவரிடம் அகத்தியர் தமிழ் கேட்டதாகச் சொல்கிறது. எப்படியானாலும் வந்தது தமிழ், காதால் கேட்டு வந்தது. அதை எழுதுகிற இந்தக் கோடுகளும் சுழிகளும் எங்கிருந்து வந்தன என்று கதை உண்டா? நான் தேடினவரைக்கும் இல்லை. தொல்காப்பியம் எழுத்துக்கென்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறது, மெய்க்குப் புள்ளி வை என்கிறது, யார் முதலில் வைத்தார் என்று மூச்சு விடவில்லை. பிள்ளையார் தந்தத்தை ஒடித்துப் பாரதம் எழுதினார், பிரம்மா எல்லார் தலையிலும் எழுதினார், சரி, ஆனால் அவர்கள் எழுதினபோது எழுத்து ஏற்கெனவே இருந்தது.

கல்லில் இருப்பதைப் பார்த்தால் அங்கேயும் சாமி இல்லை. சீவலப்பேரி பக்கம் மறுகால்தலையில் ஒரு குன்று, அதில் சமணத் துறவிகள் படுக்கக் கல்லில் செதுக்கின படுக்கைகள். மேலே பாறையில் தமிழ்ப் பிராமியில் ஒற்றை வரி. காசிபன் என்பவர் கொடுப்பித்த கற்படுக்கை என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். 1906இல் அது வெளி உலகுக்குத் தெரியவந்தபோது இது என்ன மொழி என்றே யாருக்கும் பிடிபடவில்லை, 1924 வாக்கில் கே.வி. சுப்பிரமணிய ஐயர்தான் இந்த மாதிரிக் குகை எழுத்துகள் தமிழ் என்று காட்டினார். எங்கள் சீமையின் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று, நன்கொடை கொடுத்தவர் பெயர். கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இனிமேல் கொஞ்சம் யோசித்துச் சிரிக்கலாம்.

எழுத்து எப்படி வந்தது என்பதற்குத்தான் நம்மிடம் கதை இல்லை. எழுதின ஏடு என்ன ஆனது என்பதற்குக் கதைக்குப் பஞ்சமே இல்லை. மதுரையில் சம்பந்தர் ஏட்டை நெருப்பில் போட்டார், வேகவில்லை, பச்சையாகவே இருந்தது. வைகையில் விட்டார், தண்ணீரை எதிர்த்துப் போய்த் திருவேடகத்தில் ஒதுங்கியது. சமணர்கள் போட்டது கருகியது, விட்டது அடித்துக்கொண்டு போனது. சமணர்கள் பக்கத்து நாலடியாருக்கும் இதே கதைதான், எட்டாயிரம் முனிவர்கள் எழுதிவிட்டுப் போன ஓலைகளைப் பாண்டியன் வைகையில் போடச் சொல்ல, நானூறு மட்டும் எதிர்நீச்சல் போட்டு வந்தன. தில்லையில் தேவார ஏடுகளைக் கரையான் அரித்துக் கிடந்தபோது இராசராசன் மனம் நொந்து நிற்க, இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் மிச்சம் வைத்தோம் என்று அசரீரி சொன்னது. கூட்டிப் பார்த்தால் எல்லாம் ஒரே செய்தி: நல்ல ஏடு தானே தப்பிக்கும், தப்பாதது போக வேண்டியதுதான்.

இந்த நம்பிக்கைதான் எனக்கு உறுத்துகிறது. ஏனென்றால் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி எங்கள் பக்கம் வந்தபோது நடந்தது வேறு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணபாண்டியன் சேர்த்து வைத்த ஏடுகள் இருக்கும் என்று கேள்விப்பட்டுப் போகிறார். அங்கே இருந்தவர், பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக் கூடாது, நெய்யில் தோய்த்து ஓமம் செய்துவிட வேண்டும் என்று ஆகமத்தில் இருப்பதாகச் சொல்லி, அப்படியே செய்தாயிற்று என்கிறார். குழி வெட்டி, தீ வளர்த்து, நெய் விட்டு. திருநெல்வேலியில் ஒரு வக்கீல் வீட்டில் கேட்டால், வண்டிக்கணக்காக ஏடு இருந்தது, பழுதாகிவிட்டது, ஆடிப் பதினெட்டில் சுவடிகளைத் தேர் மாதிரிக் கட்டித் தண்ணீரில் விடுவது வழக்கம் என்று வீட்டுப் பெரிய பெண்கள் சொன்னார்கள், வாய்க்காலில் விட்டுவிட்டேன் என்கிறார். அனல், புனல், இரண்டும் எங்கள் சீமையிலேயே நடந்து முடிந்திருக்கிறது. ஒரு ஏடும் எதிர்நீச்சல் போடவில்லை. சம்பந்தர் கதையைக் கேட்டதனால்தான் இப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, அதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது. ஆனால் ஏட்டை நெருப்பிலும் தண்ணீரிலும் போடுவதை மரியாதை என்று நினைக்கிற மனசுக்கும் அந்தக் கதைகளைப் பிடித்துப்போன மனசுக்கும் தூரம் ரொம்ப இல்லை என்று தோன்றுகிறது.

பனையோலை ஏடு தானே தப்பிக்காது. பதப்படுத்தி, மஞ்சளோ விளக்குக் கரியோ தடவி, எண்ணெய் பூசி எவ்வளவு கவனமாக வைத்தாலும் சில நூறு வருடம்தான், அதற்குள் கரையானோ இராமபாணப் பூச்சியோ முந்திக்கொள்ளும். ஒரே வழி, பழையது நொறுங்குவதற்குள் புதிதாக ஒரு ஏடு படியெடுப்பது. யாரோ ஒருவர் முதுகு வலிக்க உட்கார்ந்து எழுதினதால்தான் எதிர்நீச்சல் நடந்தது. அந்த ஆளைப் பற்றி ஒரு கதை கூட நம்மிடம் இல்லையே என்று ஆதங்கப்பட்டுக்கொண்டிருந்தேன், அப்புறம் ஆழ்வார்திருநகரி ஞாபகம் வந்தது.

அந்தக் கதை தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். வைணவ ஆசாரியர் நாதமுனிகள் காட்டுமன்னார்கோயிலில் இருக்கிறார், தெற்கேயிருந்து வந்த சிலர் நம்மாழ்வாரின் "ஆராவமுதே" பதிகத்தைப் பாடுகிறார்கள். கடைசிப் பாட்டில் ஆயிரத்துள் இப்பத்து என்று வருகிறது. மிச்சத் தொள்ளாயிரத்துச் சொச்சம் எங்கே என்றால் பாடினவர்களுக்குத் தெரியவில்லை. குருகூர், அதாவது நம் ஆழ்வார்திருநகரி வரைக்கும் வந்து கேட்கிறார், அங்கேயும் தெரியவில்லை. மதுரகவி ஆழ்வார் வழியில் வந்த ஒருவர் மட்டும், நம்மாழ்வார் மேல் மதுரகவி பாடின கண்ணிநுண் சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் முறை சொல்லிப் பார் என்கிறார். நம்மாழ்வார் இருந்த புளியமரத்தடியில் உட்கார்ந்து சொல்லி முடிக்கிறார், ஆயிரம் கேட்டவருக்கு நாலாயிரமும் கிடைக்கிறது. இதில் அதிசயத்தை விட்டுவிட்டுப் பாருங்கள். ஒரு பாட்டு பாதியில் நிற்கிறதே என்று ஒருவருக்குப் பொறுக்கவில்லை, ஊர் ஊராகப் போய்க் கேட்டார், சலிக்காமல் உட்கார்ந்தார். இங்கே ஏடு தானாக வரவில்லை, ஆள் போய்த் தேடினதால் வந்தது. சாமிநாதையருக்குப் பத்துப்பாட்டு ஏடு ஒன்று கிடைத்ததும் அதே ஆழ்வார்திருநகரியில், ஒரு கவிராயர் வீட்டு வழியாகத்தான், 1889இல் அது அச்சில் வந்தது. அதிசயம் என்று சொல்ல வேண்டுமானால் நான் இதைச் சொல்வேன்.

பையனுக்குப் பதில் இன்னும் சொல்லவில்லை. அவனே மறந்திருப்பான். எனக்கு இப்போது வேறு வேலை வந்து சேர்ந்திருக்கிறது. திருச்செந்தூர் போகிற வழியில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் வீட்டுப் பரணில் ஒரு கட்டு ஏடு கிடக்கிறது, சரஸ்வதி பூசைக்கு இறக்கிச் சந்தனம் பொட்டு வைத்துவிட்டு மறுபடி ஏற்றிவிடுவார்கள், வைத்திய ஏடா ஜாதகமா என்று அவர்களுக்கே தெரியாது. சந்தனம் பட்ட இடத்தில் ஓலை கறுத்துப்போயிருக்கிறது. போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "ஆடி கழியட்டும் மாப்ளே, ஆனா எங்க பெரியம்மைட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடு" என்றார். பெரியம்மைக்குத் தொண்ணூறு வயது இருக்கும், போனில் காது கேட்காது, நேரில்தான் போக வேண்டும். சுவடி வாசிக்கத் தெரிந்தவர்கள், புள்ளி வைக்காத ஓலை எழுத்தைக் கண்டு பயப்படாதவர்கள் யாராவது நம் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், போகும்போது கூட்டிக்கொண்டு போகிறேன்.